முள்ளுமுருக்குக்கு ஒரு படம்



கல்முனையில் கடற்கரைக்குப் போகும் குறுக்கு வீதி ஒன்றில், மதிலுக்கும் வடிகானுக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கும் ஒரு மரத்தைப் பாடசாலை மாணவி ஒருவர் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அடிமரமெல்லாம் கறுத்த முள். "இப்படியொரு மரத்தை நான் கண்டதேயில்லை. வெளிநாட்டு மரமா?" என்று கேட்டிருக்கிறார்.

காரியாலயத்தில் மூத்தவர்கள் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். இளையவர்களுக்கோ அந்த மாணவிக்கு வந்த அதே சந்தேகம்தான். மகள், அது நம்முடைய முள்ளுமுருக்கு. சிங்களத்தில் எறபது. உங்கள் மூத்தம்மாவிடம் படத்தைக் காட்டுங்கள், பிறகு அவரை நிறுத்துவது கஷ்டம்.

நம் ஊர்களில் வேலி என்றால் ஒரு காலத்தில் முருக்கங் கதியால்தான். கம்பை வெட்டி மணலில் ஊன்றினால் போதும், மழைக்குத் துளிர்த்துவிடும். குர்பானுக்கு வளர்க்கும் கிடாய்க்கு அதிலேதான் குழை. வெற்றிலையும் மிளகும் ஏறுவதற்கும் அதுதான் கொழுகொம்பு. அவரை வகையைச் சேர்ந்த மரம் என்பதால் வேரில் நைதரசனைச் சேர்த்து மண்ணுக்கும் கொடுக்கும். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் டடப் மரம் இதன் உறவுதான். கடலோர மணலும் உப்புக்காற்றும் இதற்குப் புதிதல்ல. கிழக்கு ஆபிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை கடற்கரைகளில் வளர்கிறது. விதை கடல்நீரில் மிதந்துபோய் வேறு கரையில் முளைக்கும்.

மதில்கள் வந்தன, கதியால்கள் போயின. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நம்முடையது. அதற்குப் பிறகு வீடு கட்டியவர்கள் சீமெந்தை நம்பியதில் என்ன பிழை? மதிலை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மதில் கட்டியவர்களே பூங்கன்றுக் கடைக்குப் போய், இலை நரம்பெல்லாம் மஞ்சள் ஓடிய அழகுச் செடி என்று விலை கொடுத்து வாங்கி வருகிறார்களே, அதில் ஒரு வகை இதே முருக்கின் இனம்தான்! சும்மா கிடைத்தபோது வேலி, காசு கொடுத்தால் அலங்காரம்.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. முருக்கின் முள்ளைப் பெருவிரலால் பக்கவாட்டில் அழுத்தித் தள்ளிப் பாருங்கள், 'டக்'கென்று கழன்று வரும், கட்டையில் காயம் இராது. அது பட்டையிலிருந்து எழும்பிய முள். தேசிமரத்து முள் அப்படி வராது, கிளையே முள்ளாக மாறியது அது. முருக்கு முதிர முதிர அடிமரத்து முட்கள் உதிர்ந்துவிடும். ஆகவே நம் மாணவி கண்டது ஓரளவு இளமரமாக இருக்க வேண்டும்.

இந்த மாணவியைப் போல முருக்கைப் படமெடுத்து அனுப்ப விரும்புபவர்கள் உச்சி வெயிலைத் தவிர்த்துவிடுங்கள், முள்ளெல்லாம் கறுப்புப் புள்ளியாய்த் தட்டையாகிவிடும். பிரதான வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் வீதிகளில் காலை வெயில் நேராக வீதி நீளத்துக்கு ஓடி வரும். அந்த நேரம் மரத்தின் வடக்கிலோ தெற்கிலோ நின்று எடுத்தால் ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு நிழல் விழும். பக்கத்தில் ஒரு நாணயத்தைப் பிடித்தால் அளவும் விளங்கும். சித்திரைப் புதுவருசத்துக்கு முந்திய மாதங்களில் இலை கொட்டி மரம் சிவப்பாய்ப் பூக்கும். அந்தச் சிவப்பைப் போன் கமெராக்கள் ஒரே குழம்பாக்கிவிடும். திரையில் பூவைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இலைக்காம்பு வீங்கி, இலை சுருண்டிருந்தால் அதையும் அவசியம் எடுங்கள். ஒன்றரை மில்லிமீற்றர் அளவேயுள்ள ஒரு குளவி இளந்தளிரில் முட்டையிடுவதால் வரும் வீக்கம் அப்படித்தான் இருக்கும். 2004-இல்தான் அறிவியலார் அதற்குப் பெயரிட்டார்கள். மறு ஆண்டே அது ஹவாய்த் தீவுகளுக்குள் புகுந்து அங்குள்ள முருக்கினங்களைச் சூறையாடியது. 2008-இல் தன்சானியாவிலிருந்து கொண்டுவந்த வேறொரு குளவியை விட்டுத்தான் அதை அடக்கினார்கள்.

தமிழ்நாட்டில் முருக்கு இலையை அரிசியோடு அரைத்து அடையும் பூரியும் சுடுகிறார்கள், சளிக்கு நல்லதாம். நம் மூத்தம்மாமார் இலையை என்ன செய்தார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள், அடுத்த இதழின் சமையல் பக்கத்தில் போடலாம்.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எங்கு முருக்கைக் கண்டாலும் படத்தோடு வீதியின் பெயரையும் எடுத்த திகதியையும் குறித்து அனுப்புங்கள். மரம் ஒருவரின் வளவுக்குள் நின்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் ஒரு கம்பும் வெட்டித் தருவார்.