மேட்டில் கொட்டும் மண், பள்ளத்தில் சேரும் வெள்ளம்

மதுரையைச் சுற்றியுள்ள பல ஊர்களில் ஊர்த்தெரு மேட்டில் இருக்கும். காலனியோ வாய்க்கால் ஓரத்தில், வயலை ஒட்டிய தாழ்வான நிலத்தில் இருக்கும். இது தற்செயல் அல்ல. நல்ல நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கு மிஞ்சியது பள்ளம்தான். ஆகவே, கட்டுமான விதிகளில் மழைநீர் பற்றிச் சொல்லப்படுவது தலித் மக்களின் வாழ்விடப் பிரச்சினையும் ஆகும்.

தாழ்வான நிலத்தில் மனைப்பிரிவு போடுகிறவர், வெள்ள பாதிப்பு குறித்து நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று பெற வேண்டும். மண் நிரப்பி மனையின் மட்டத்தை உயர்த்த வேண்டும் என்பது அதில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. சுற்றுப்புற நீரோட்டத்தைத் தடுக்கக் கூடாது என்றும் கூடவே எழுதப்படுகிறது. முதல் நிபந்தனை உடனே நிறைவேறுகிறது. லாரி லாரியாக மண் வந்து இறங்குகிறது. இரண்டாவது நிறைவேறியதா என்று மழைக்காலத்தில் வந்து பார்ப்பார் இல்லை. நேற்றுவரை வயலில் நின்று ஊறிய தண்ணீர் இன்று காலனி வீடுகளுக்குள் நுழைகிறது.

நகரத்திலும் கதை இதுதான். 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் செல்லூர் கட்டபொம்மன் நகர் உள்ளிட்ட பகுதிகள் வெள்ளத்தில் தத்தளித்தன. அதன்பின், செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்கு சிமெண்ட் கால்வாய் கட்ட ரூ.11.9 கோடியை அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால், மேலே உள்ள கண்மாய்களும் வரத்துக்கால்களும் சுருங்கிக்கொண்டே போனால், கீழே எவ்வளவு அகலமாகக் கால்வாய் வெட்டினாலும் போதாது.

2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்கிறது. ஆனால், பொக்லைன் முதலில் போய் நிற்பது ஓடைக்கரைக் குடிசைகளின் முன்புதான். தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சி அலுவலகத்தையும், உலகனேரி கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளையையும் கட்டிக்கொண்ட நகரம் இது. அரசு கட்டினால் வளர்ச்சி, ஏழை குடிசை போட்டால் ஆக்கிரமிப்பா? நீர்வழியில் குடியிருப்பது சரி என்று நாம் வாதாடவில்லை; வெள்ளத்தில் முதலில் மூழ்குவதும் அந்தக் குடிசைகள்தான். வேலைக்குப் போய்வரும் தொலைவில் மாற்று வீடு கொடுத்துவிட்டு அகற்றுங்கள் என்கிறோம்.

மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்முன், அண்டையிலுள்ள குடியிருப்புகளின் நிலமட்டத்தையும் அளந்து வரைபடத்தில் காட்ட வேண்டும். சான்றின் நிபந்தனைகளை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்ட வேண்டும். ஒரு மழைக்காலம் கழிந்ததும் அதிகாரிகள் நேரில் வந்து ஆய்வு செய்ய வேண்டும். நீரோட்டம் தடைபட்டிருந்தால் மனை விற்றவர் செலவிலேயே வடிகால் அமைக்க வேண்டும்.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் காலனிக்கு மேற்புறம் புதிதாக மண் அடித்திருக்கிறார்களா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணம் செலுத்தி, அந்தச் சான்றின் நகலைக் கேளுங்கள். நவம்பர் 1 கிராம சபையில் அதன் நிபந்தனைகளை உரக்கப் படியுங்கள். தண்ணீர் போக வழி எங்கே என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.