நகைச்சுவைக்கும் ஒரு தனிப்பாடல் திரட்டு வேண்டும்

2025 ஜூனில் கூமாப்பட்டி என்ற பெயர் தமிழகம் முழுவதும் அடிபட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே, பிளவக்கல் அணையை ஒட்டிய ஊர் அது. திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்திற்கு அப்பால் அதனை அறிந்தோர் அதுவரை குறைவு. உள்ளூர் இளைஞர் ஒருவர் தம் ஊர்த் தண்ணீரைக் காட்டி, 'ஏங்க' என்று விளித்து இன்ஸ்டாகிராமில் இட்ட காணொளிகள் அந்நிலையை மாற்றின. அணியிலக்கணம் கற்றோர் அதனை உயர்வு நவிற்சி என்பர். மற்றவர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்களுள் சிலர் வண்டியேறி ஊரைப் பார்க்கவும் வந்தார்கள்.

தமிழ் பயிற்றும் நமக்கு இதில் ஒரு கவலை உண்டு. தமக்குப் பிடித்ததையும் தம்மைச் சிரிக்க வைத்ததையும் பிறரோடு பகிர்வது மக்கள் இயல்பு. அதற்கு ஒவ்வொரு காலமும் ஒரு கலத்தைத் தருகிறது. கலம் உடைந்ததும் உள்ளிருந்ததும் கொட்டிப் போகிறது.

1980களின் கலம் ஒலிநாடா. திருமண வீட்டிலும் காதணி விழாவிலும் குழாய் ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' (1965) ஒலிச்சித்திரம் ஓடும். தருமியாக நாகேஷ் புலம்புவதைத் தெருவே கேட்கும். படத்தைக் காணாமலே உரையாடலை மனப்பாடமாகச் சொன்னவர்கள் உண்டு. நாடாக்கள் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயின.

1990களின் பிற்பகுதியில் இணையம் வந்தது. 1994இல் தொடங்கப்பட்ட ஜியோசிட்டீஸ் நிறுவனம் யார்க்கும் இலவசமாக இடம் தந்தது. வெளிநாடு சென்ற தமிழ் இளைஞர்களும் நம் ஊர்க் கணினி மையங்களில் மணிக்கணக்கிற்குப் பணம் கட்டியவர்களும் தத்தம் பெயரில் பக்கம் அமைத்தனர். பெயர், சொந்த ஊர், பொழுதுபோக்குகள், அஞ்சல்தலை சேகரிப்பு, இளையராசா பாடல் பட்டியல், அதன்கீழ் மிகப் பிடித்த நகைச்சுவைக் காட்சி. 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சிட்டு வைத்தோர் உண்டு. அன்று தமிழ் எழுத்துருவுக்குப் பொதுத்தரம் வேரூன்றவில்லை. நினைவிலிருந்து எழுதியதால் ஒருவர் பக்கத்திலுள்ள வசனம் மற்றவர் பக்கத்தில் சற்றே மாறும். ஏட்டுச்சுவடி கற்றவர்க்கு இது புதிதன்று. பாடபேதம் என்று பெயர்.

1999இல் யாகூ அந்நிறுவனத்தை வாங்கியது. 2009 அக்டோபர் 26இல் மூடியது. ஆர்வலர் குழுக்கள் ஓடி ஓடிப் படியெடுத்தும் எல்லாம் மீளவில்லை. மீண்ட தமிழ்ப் பக்கங்களிலும் பழைய எழுத்துருவில் அமைந்தவை இன்று புரியாக் குறிகளாகவே திரையில் தெரிகின்றன.

'போகட்டும், இவை இலக்கியமா?' என்று கேட்கலாம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையைத்தான் முதலில் வைத்தார். அது பிறக்கும் களங்களுள் எள்ளலையும் பேதைமையையும் சேர்த்தார். கவுண்டமணியின் எள்ளலையும் செந்திலின் பேதைமையையும் கேட்டவர்க்கு அவ்விலக்கணத்தை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு சான்றும் கூறுவோம். காளமேகத்தின் சிலேடையும் வசையும் ஊர் வாயில் உலவிய உதிரிப் பாடல்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராமநாதபுரம் பொன்னுச்சாமித் தேவர் விரும்ப, தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராச பண்டிதர் அத்தகையவற்றைத் 'தனிப்பாடல் திரட்டு' என்று தொகுத்தார். காப்பியங்களோடு ஒப்பிட்டு உதிரி என்று அவர் ஒதுக்கியிருந்தால், இன்று வகுப்பில் நாம் சொல்லிச் சிரிக்கும் பாடல்களுள் எத்தனை எஞ்சியிருக்கும்?

தரம் பிரிப்பது பின்னால் வருவோர் வேலை. திரட்டுவது உடன் வாழ்வோர் கடமை என்பதே நம் கருத்து. 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகம் மின்தளம் நூல், இதழ்களோடு நினைவு மலர்களையும் சேர்த்துக் காக்கிறது. அந்த மனம் நம் தமிழ்த் துறைகளுக்கும் வரவேண்டும்.

பெரும்பொருள் வேண்டியதில்லை. வத்திராயிருப்பிலிருந்தோ இராசபாளையத்திலிருந்தோ வரும் ஒரு மாணவர், தம் வீட்டுப் பெரியவர் மனப்பாடமாகச் சொல்லும் ஒரு நகைச்சுவைக் காட்சியை அவர் வாய்மொழிப்படியே எழுதி, எங்கே, எந்த ஆண்டு வாக்கில் கேட்டார் என்று குறித்தால் போதும். பழைய தனிப்பக்கத்தின் படி கையில் உள்ளவர்கள் அதனை ஒருங்குறிக்கு மாற்றி வைக்கலாம். கூமாப்பட்டிக் காணொளிகளும் ஒரு நிறுவனத்தின் கணினியில்தான் இருக்கின்றன. அவற்றையும் இட்டவர் இசைவோடு, நாள் குறித்து, இப்போதே படியெடுத்து வைப்பது நல்லது.