மென்பொருளின் ஊகத்துக்காக மதிப்பெண்ணை வெட்டாதீர்கள்

உடன்குடியில் பிறந்து, இங்கிருந்தே தினமும் பஸ் ஏறிப் போய்க் கல்லூரியில் வணிகவியல் பாடம் எடுப்பவள் நான். எங்கள் ஆசிரியர் அறையில் ‘இது எத்தனை பெர்சன்ட் ஏஐ?’ என்ற கேள்வி இப்போது வாடிக்கையாகிவிட்டது. மாணவர் கொடுத்த அசைன்மென்ட்டை ஒரு மென்பொருளில் போட்டால், இயந்திரம் எழுதியது இத்தனை விழுக்காடு என்று ஓர் எண் வரும். எண் கூடினால் மதிப்பெண் குறையும். அந்த எண்ணை நம்பி எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணிலும் கை வைக்கக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மென்பொருள் எதையும் கண்டுபிடிப்பதில்லை, ஊகிக்கிறது. அடுத்து என்ன சொல் வரும் என்று எளிதில் கணிக்க முடிகிற எழுத்தென்றால், அது இயந்திரத்தின் எழுத்து என்று முடிவு கட்டுகிறது. எங்கள் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலத்தை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர்கள். கல்லூரிக்கு வந்ததும் கைடு வாங்கி, மனப்பாடம் செய்த வாக்கியங்களைத் தாளில் இறக்குகிறார்கள். தெரிந்த சொற்கள் கொஞ்சம், வாக்கியங்களும் ஒரே மாதிரி. கணிக்க இதைவிட எளிதான எழுத்து எங்கே இருக்கிறது?

2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 விழுக்காடு கட்டுரைகள் ‘இயந்திரம் எழுதியவை’ என்று பதில் வந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளையோ அதே மென்பொருள்கள் பெரும்பாலும் சரியாகவே மனிதர் எழுதியவை என்றன. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமும் அந்த ஆண்டு ஜனவரியில் இப்படியொரு கருவியை வெளியிட்டது. துல்லியம் போதாது என்று ஜூலையில் தானே விலக்கிக்கொண்டது. செய்தவர்களே கைவிட்ட வித்தையை நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

2024இல் ஹரியாணாவின் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில், விடை ஏஐ எழுதியது என்று சொல்லித் தேர்வில் தோல்வி போட்டதை எதிர்த்து ஒரு சட்ட மாணவர் உயர் நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அவர் தேர்ச்சி பெற்றதாகப் பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. அவர் சட்டம் படித்தவர், வழிதுறை தெரிந்தவர். மணப்பாட்டிலிருந்து படிக்க வரும் மீனவர் வீட்டுப் பெண் எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்? ‘சரிங்க மேம்’ என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். அப்படிப் போவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

ஏஐயைத் தொடவே கூடாது என்று தடை போடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசே அறிவித்திருக்கும்போது இந்தத் தடை யாருக்கு? ஏஐயால் நன்மையும் உண்டு. தேய்மானம் ஏன் செலவுக் கணக்கில் வருகிறது என்று வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சப்படும் பிள்ளை, ராத்திரி போனில் தமிழிலேயே நாலு தரம் கேட்டுப் புரிந்துகொண்டு வருகிறாள். இதை எப்படி நான் குற்றம் என்பேன்?

கோளாறு நாம் கொடுக்கும் அசைன்மென்ட்டில் இருக்கிறது. ‘சந்தைப்படுத்தலின் முக்கியத்துவம்’ என்று தலைப்புக் கொடுத்தால், ஏஐ வருவதற்கு முன்பும் பிள்ளைகள் சீனியரின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினார்கள். நாமும் பக்கத்தை எண்ணித்தான் மதிப்பெண் போட்டோம்.

ஆகவே தலைப்பை மாற்றினேன். உடன்குடிக் கருப்பட்டியின் அடக்கவிலை என்ன? முதலில் ஏஐயிடம் கேளுங்கள், அந்தப் பதிலை அப்படியே ஒட்டுங்கள், பிறகு வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ விசாரித்து அதைத் திருத்துங்கள் என்றேன். ஏஐ தந்த பதில் பார்க்க லட்சணமாக இருந்தது: 2023இல் கிடைத்த புவிசார் குறியீடு, இணைய விற்பனை, ஏற்றுமதி வாய்ப்பு. பிள்ளைகள் கொண்டுவந்த கணக்கு வேறு. பாளை சீவக் காலையும் மாலையும் பனை ஏறும் உழைப்பு, கலயத்துக்குச் சுண்ணாம்பு, விடிலிக் குடிசையில் மணிக்கணக்காகப் பதநீர் காய்ச்ச விறகு. சீசனுக்கு முன்பே வியாபாரியிடம் வாங்கிய முன்பணம். அதனால் அவர் சொன்னதுதான் விலை. சீனி கலந்த கருப்பட்டி சந்தைக்கு வந்துவிட்டால் அசல் சரக்கு எந்த விலைக்கு இறங்க வேண்டியிருக்கிறது என்பதையும் ஒருவன் எழுதியிருந்தான்.

பனையேறி ஒருவரின் மகள் தன் கணக்கைக் காட்டி, “எங்கம்மா கூலிய எங்க எழுதணும் மேம்?” என்று கேட்டாள். அடுப்பில் நின்று கிண்டுவதும், பதம் பார்த்து இறக்குவதும், சிரட்டையில் ஊற்றி எடுப்பதும் அம்மா. அவருக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. அதனால் கணக்கிலும் ஏறவில்லை. ஊரில் மற்ற வேலைக்குப் போகும் பெண்களின் நாள்கூலியை வைத்து எழுதச் சொன்னேன். எழுதிப் பார்த்தால் கிலோவுக்குக் கிலோ நட்டம். குடும்ப உறுப்பினர்களின் ஊதியமில்லா உழைப்பை அடக்கவிலையில் சேர்ப்பது பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி இருக்கிறது. பல வருடங்களாக நான் அதை நடத்துகிறேன். வகுப்பு முழுவதும் அதைப் பற்றி வாக்குவாதம் செய்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பெண்ணின் ஆங்கிலத்தை ஏஐதான் திருத்திக் கொடுத்தது. மென்பொருளில் போட்டிருந்தால் எண் எகிறியிருக்கும். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பத்து நிமிடம் கேட்டேன். ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொன்னாள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் நம்புகிறேன்.

அறுபது பேர் வகுப்புக்கு இது பத்து மணி நேர வேலை. அதுவும் ஒரே ஒரு பாடத்துக்கு. கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டே துறையை ஓட்டும் கல்லூரியில், மூன்று நான்கு வகுப்புகளைச் சுமக்கும் ஒருவர் இந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பார்? மென்பொருள் வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்த மணி நேரத்துக்கு ஒதுக்கட்டும். உள்மதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் 10ஐ வாய்மொழிக்கு மாற்றி, அதற்குச் செலவாகும் நேரத்தை ஆசிரியரின் பணிநேரத்தில் சேர்க்க வேண்டும். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். அதுவரை, விழுக்காட்டை மட்டும் பார்த்து மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று கல்லூரிகள் ஒரு சுற்றறிக்கையாவது அனுப்பட்டும்.