பெயருக்கு முன்னால் ஒரு சொல்

வாராவாரம் வாங்கிப் படிப்பதும் பத்திரிகைதான். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுப்பதும் பத்திரிகைதான். இந்த இரண்டு பத்திரிகைகளிலும் பெண்களின் பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு வரும். அதன் கதையைச் சற்றுக் கேளுங்கள்.

பழைய வாரப் பத்திரிகைத் தொகுப்பு எதையாவது புரட்டிப் பாருங்கள். ஆண்களெல்லாம் 'ஸ்ரீமான்', அல்லது வெறும் 'ஸ்ரீ'. அதற்கும் முந்திய நாளில் 'மகாராஜராஜஸ்ரீ' என்று ஏக தடபுடல்! பெண்மணிகளோ 'ஸ்ரீமதி', கல்யாணமாகாதவர் 'குமாரி'. 1967-ல் அண்ணாதுரை முதலமைச்சரானதும் அரசாங்கக் காகிதங்களில் இவை திரு, திருமதி, செல்வி என்று மாறின. பத்திரிகைகளும் மெல்ல மெல்ல அந்த வழிக்கு வந்தன.

வேடிக்கை என்னவென்றால், 'ஸ்ரீமான்' என்பதற்குப் பெண்பால்தான் 'ஸ்ரீமதி'. செல்வம் உடையவள் என்று பொருள். அதில் கணவனைப் பற்றிப் பேச்சே இல்லை! 'திருமதி'யில் 'ஸ்ரீ' தமிழாகிவிட்டது. 'மதி' மட்டும் வடமொழி வாலாகவே தங்கிவிட்டது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'மிஸஸ்', 'மிஸ்' இரண்டும் 'மிஸ்ட்ரஸ்' என்ற ஒரே சொல்லின் குறுக்கங்கள். ஒரு காலத்தில் கல்யாணமாகாத சீமாட்டிகளுக்கும் 'மிஸஸ்' போட்டார்கள்.

ஆனால் வழக்கம் என்று ஒன்று வந்துவிட்டால் அகராதி என்ன செய்யும்? தாலி ஏறுவதற்கு முன்னும் பின்னும் ஆண்பிள்ளைக்கு ஒரே 'திரு'. பெண்ணுக்குத்தான் பட்டம் மாறுகிறது. கல்யாணப் பத்திரிகையிலோ 'சௌபாக்கியவதி' என்று இன்னொன்று. சுமங்கலிக்கும், சுமங்கலியாகப் போகிற மணப்பெண்ணுக்கும் மட்டுமே உரிய சொல் அது. கணவனை இழந்த தாய் பாடுபட்டுப் பிள்ளையை ஆளாக்கி, கடன் உடன் வாங்கிக் கல்யாணம் நடத்துவாள்; பத்திரிகையில் அழைப்பவரோ பெரியப்பா! அவள் பெயரை எப்படிப் போடுவது என்று வீடே விழிக்கும். சின்னச் சொல்தான்; ஆனால் அது இல்லாத இடத்தில் ஒரு தாயே இல்லாமல் போய்விடுகிறாள்.

மதுரைக்காரர்கள் இதற்கு வழி தேட வெகு தூரம் போக வேண்டாம். டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அவர் மூலையில் உட்காரவில்லை. தில்லிக்குப் போய் வைத்தியம் படித்தார். 1940-ல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-ல் இருவருமாகச் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். பத்திரிகைகள் அவரை 'டாக்டர் சௌந்தரம்' என்றே எழுதின. 'டாக்டர்' என்ற சொல்லைத் தாலியும் கொடுப்பதில்லை, சாவும் பறிப்பதில்லை.

எம். எஸ். சுப்புலட்சுமியைத்தான் பாருங்களேன்! அந்த இரண்டு எழுத்துக்களில் ஒன்று மதுரை. மற்றொன்று வீணை வாசித்த தாயார் சண்முகவடிவு. உலகமெல்லாம் சொன்ன பெயரில் ஊரும் தாயும்தான் இருக்கிறார்கள்.

இப்போது சிலர் ஆண், பெண் இருபாலருக்கும் 'திருமிகு' என்று போடுகிறார்கள். கோயில் அழைப்பிதழில் அம்மனுக்கும் சுவாமிக்கும் பொதுவாக 'அருள்மிகு' போடுகிறோம் அல்லவா, அதைப் போலத்தான். நல்ல ஏற்பாடு.

அடுத்த முறை உங்கள் வீட்டில் பத்திரிகை அச்சடிக்கும்போது அழைப்பவர் வரிசையில் அந்தத் தாயின் பெயரை முதலில் போடுங்கள். சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்று தயங்க வேண்டாம். நம் ஊர்க் கோயிலின் பெயரிலேயே மீனாட்சிக்குப் பிறகுதான் சுந்தரேசுவரர்!