வாடகை வீடும் வருணாசிரமமும்

திருப்பூருக்குப் பிழைக்க வருகிறவன் எதற்காக வருகிறான்? ஊரிலே மழை இல்லை, கூலி இல்லை, இருந்த சொற்பக் காணியும் கடனில் போய்விட்டது, பனியன் கம்பெனியிலாவது கை வேலைக்குக் காசு கிடைக்கும் என்று வருகிறான். தேனி, திண்டுக்கல், இராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்களும், பீகார், ஒடிசா முதலிய தேசங்களிலிருந்து ரயிலேறி வந்தவர்களும் சேர்ந்ததுதான் இன்றைய திருப்பூர். 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கில் இந்நகரமும் சுற்றுப்புறமுமாக ஒன்பதரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். இத்தனை பேரையும் நொய்யல் ஆறு பெற்றுப் போட்டுவிடவில்லை. வந்தவர்கள்தான் ஊரானார்கள்.

இப்படி வருகிறவனுக்கு வேலை கிடைப்பது பெரிய காரியமல்ல. "டெய்லர் தேவை, செக்கிங் ஆள் தேவை" என்ற பலகை கம்பெனி வாசல்களில் தொங்கிக் கொண்டேயிருக்கிறது. அங்கே ஓவர்லாக் ஓட்டத் தெரியுமா, பேட்லாக் ஓட்டத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் அதே மனிதன் அன்று சாயங்காலம் வீடு தேடித் தெருவில் இறங்கும்போதுதான் நம் நாட்டின் யோக்கியதை வெளியாகிறது.

"நீங்க எந்த ஊருங்க?" என்பது முதல் கேள்வி. "ஊருக்குள்ளே எந்தப் பக்கமுங்க?" என்பது இரண்டாவது. "குலதெய்வம் எதுங்க?" என்பது மூன்றாவது. "கவுச்சி சாப்பிடுவீங்களா?" என்பது நான்காவது. தோழர்களே! இவை நான்கு கேள்விகளா? ஒரே கேள்வியை நான்கு முகமூடி போட்டுக் கேட்பதல்லவா? எந்தப் பக்கம் என்றால் ஊரா, சேரியா என்று அர்த்தம். குலதெய்வம் எது என்றால் ஜாதி எது என்று அர்த்தம். வீட்டுக்காரர் எதிர்பார்த்த பதில் வராவிட்டால், "வீடு நேத்தே ஆயிருச்சுங்க" என்று சொல்லிவிடுகிறார். அடுத்த வாரமும் "வீடு வாடகைக்கு" என்ற பலகை அதே கதவில் ஆடிக்கொண்டிருக்கும். பொய் சொல்ல வெட்கமில்லை. ஜாதியை நேராகக் கேட்கத்தான் வெட்கம்!

பிறகு தரகர் சமாதானம் சொல்லுவார்: "அது நல்ல ஏரியாங்க, எல்லாம் நம்ம ஆளுங்கதான்." இந்த "நல்ல ஏரியா" என்ற வார்த்தையைத்தான் இன்று நாம் பரிசோதிக்க வேண்டும். அங்கே சாக்கடை ஓடுகிறதா, தேங்குகிறதா? தண்ணீர் வருகிறதா? தெரு விளக்கு எரிகிறதா? இவை ஒன்றும் அதில் அடங்கவில்லை. ஜாதி ஒன்றாயிருந்தால் ஏரியா நல்லது என்பதே அதன் முழு அர்த்தம். அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும் அன்று மனு தர்மத்தின் பேரால் எல்லை போட்டார்கள். இன்று "நல்ல ஏரியா" என்ற பேரால் போடுகிறார்கள். காந்தி நகர் என்றும் பெரியார் காலனி என்றும் பெயர் மட்டும் வைத்துவிட்டால் இந்தப் புத்தி போய்விடுமா?

நிற்க. வீட்டுக்காரரை மாத்திரம் குற்றம் சொல்லுவது நியாயமாகாது. வீடு தேடுகிறவருடைய புத்தியையும் சற்றுப் பாருங்கள். வாசல் தெற்கே பார்த்திருக்கிறதா, தெருக்குத்து இருக்கிறதா, சமையல் அறை அக்கினி மூலையில் இருக்கிறதா என்று ஜோசியனைக் கேட்கிறார். ராகுகாலம் கழித்து அட்வான்ஸ் கொடுக்கிறார். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுகிறார். ஆனால் மழை பெய்தால் இந்த வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அக்கினி மூலையைக் கேட்டவர், அக்கினி பிடித்தால் ஓடுவதற்கு இரண்டாவது வழி உண்டா என்று கேட்பதில்லை.

இந்த மூடத்தனத்தின் பலன் வெறும் தமாஷல்ல. 2011 நவம்பரில் ஒரு ராத்திரி பெய்த மழையில் திருப்பூர் ஜம்மனை ஓடை பெருக்கெடுத்து, கரையோரத்து வீடுகளை வாரிக்கொண்டு போயிற்று, பலர் மாண்டார்கள். 2024 அக்டோபரில் பாண்டியன் நகர்ப் பக்கம் குடியிருப்புத் தெருவிலிருந்த ஒரு வீட்டில் கள்ளத்தனமாய்ச் செய்துவந்த வெடி வெடித்து, கைக்குழந்தை உட்பட உயிர்கள் போயின. 2025 ஜூலையில் கல்லூரிச் சாலைப் பக்கத்தில், நெருக்கி அடித்துக் கூலிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த தகர வீடுகள் நாற்பதுக்கு மேல், கேஸ் சிலிண்டர்கள் வெடித்துத் தீயில் போயின. பகல் நேரமாதலால் ஆட்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அதுவே ராத்திரியாயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெள்ளமும் தீயும் யாருடைய குலதெய்வத்தைக் கேட்டன? எந்த வாஸ்து அவற்றைத் தடுத்தது?

வெளியூர்க்காரன் வந்தால் களவு வரும், வடக்கத்தியான் வந்தால் ஆபத்து வரும் என்பது மற்றொரு பூச்சாண்டி. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர்களைக் கொல்லுகிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். அது பொய் என்று போலீசாரே விளம்பரப்படுத்த வேண்டியதாயிற்று. அவனைப் பார்த்து இவன் பயப்படுகிறான், இவனைப் பார்த்து அவன் பயப்படுகிறான். நடுவிலே ஒரே அறையில் எட்டுப் பேரை அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற வீட்டுக்காரருக்கு மட்டும் எந்த ஜாதியின் பணமும் தீட்டாவதில்லை. ஆளுக்குத் தீட்டு உண்டு, அவன் கொடுக்கும் நோட்டுக்குத் தீட்டு இல்லை என்பது என்ன சாஸ்திரமோ தெரியவில்லை!

"என் வீடு, என் இஷ்டம், யாருக்கு விடுவது என்பது என் சுதந்திரம்" என்று சிலர் கேட்கலாம். வாடகை ஒழுங்காய்க் கொடுப்பானா, வீட்டைச் சுத்தமாய் வைத்திருப்பானா என்று கேட்கட்டும், அது நியாயம். ஆனால் பிறப்பைக் கேட்டுக் கதவைச் சாத்துவது சுதந்திரமானால், கோவில் கதவைச் சாத்தியதும் குளத்தை மூடியதும்கூடச் சுதந்திரம்தானே! 1917-ல் அம்பேத்கர் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்க்கப் போனார். உத்தியோகம் இருந்தது, சம்பளம் இருந்தது. தங்க இடம் இல்லை. பார்சிக்காரர் விடுதியில் பார்சிப் பெயரை வைத்துக்கொண்டு தங்கினார். சில நாளில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை விரட்டிற்று. சிநேகிதர்களும் சாக்குச் சொல்லிக் கைவிட்டார்கள். அவ்வளவு படித்த மனிதர் பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்து பொழுதைப் போக்கிவிட்டுப் பம்பாய்க்கு ரயிலேறினார். படிப்பும் பணமும் வந்தால் ஜாதி போய்விடும் என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுகிறார்கள்?

பிரிட்டனும் அமெரிக்காவும் 1968-லேயே, நிறத்தையும் இனத்தையும் பார்த்து வீடு மறுப்பது கூடாது என்று சட்டம் செய்தன. நம் நாட்டிலும் 1955-ம் வருஷத்துச் சிவில் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவரை எந்தப் பகுதியிலும் குடியிருக்க விடாமல் தடுப்பது ஜெயில் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. ஆனால் "வீடு நேத்தே ஆயிருச்சுங்க" என்கிற பொய்யை எந்தக் கோர்ட்டில் ருசுப்படுத்துவது? வாடகைக்கென்று செய்த 2017-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமுலுக்கு வந்தது. அதில் அட்வான்சைப்பற்றிப் பேச்சு இருக்கிறது, ஒப்பந்தத்தைப்பற்றிப் பேச்சு இருக்கிறது. ஜாதியைக் கேட்காதே என்ற பேச்சு இல்லை.

இதிலே மிகவும் கஷ்டப்படுகிறவர்கள் யார் என்று பாருங்கள். தனியே பிழைக்க வந்த பெண், புருஷனை இழந்தவள், ஜாதி விட்டுக் கலியாணம் செய்துகொண்டு வந்தவர்கள் ஆகிய இவர்களுக்குத்தான் பாதுகாப்பு அதிகம் வேண்டும். இவர்களுக்குத்தான் எல்லாக் கதவும் சாத்தப்படுகிறது. இதே ஜில்லாவில் உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13-ந் தேதி பட்டப்பகலில், ஜாதி விட்டு மணந்ததற்காகச் சங்கர் என்ற வாலிபர் கடைத்தெருவிலே வெட்டிக் கொல்லப்பட்டார். கண்ட இடமெல்லாம் குலம் கோத்திரம் விசாரிக்கிற தெரு, இப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பாதுகாப்பான தெருவா, காட்டிக்கொடுக்கிற தெருவா?

ஆகவே, புது ஊரில் வீடு பார்க்கிற தோழர்கள் ஜோசியனையும் தரகரையும் நம்பாமல், தங்கள் கண்ணையும் புத்தியையும் நம்பிக் கீழ்க்கண்டவைகளைச் செய்ய வேண்டும்.

1. ஞாயிற்றுக்கிழமைப் பகலில் மட்டும் வீட்டைப் பார்க்காதீர்கள். ராத்திரி வேலை விட்டு வரும் நேரத்தில் கம்பெனியிலிருந்து அந்த வீடு வரையில் நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, பெண்கள் அந்நேரம் நடமாடுகிறார்களா, கடைசி பஸ் எப்போது என்று தெரியும்.

2. நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை குடம், உப்புத் தண்ணீர் போரிலிருந்து வருகிறதா, லாரித் தண்ணீரா என்று குடியிருக்கிற பெண்களைக் கேளுங்கள். தண்ணீர் சுமக்கிறவருக்குத்தான் உண்மை தெரியும்.

3. ஓடைக் கரையா, பள்ளமா என்று பாருங்கள். சுவரில் பழைய ஈரக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தால், வெள்ளம் வந்த உயரம் தெரிந்துவிடும்.

4. லைன் வீடானால் வெளியே போக எத்தனை வழி, சிலிண்டர்கள் எங்கே இருக்கின்றன, ஒயர்கள் தொங்குகின்றனவா, பக்கத்தில் பஞ்சுக் கழிவோ வெடியோ வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

5. வாடகையை மட்டும் பார்த்து மலிவு என்று ஏமாறாதீர்கள். ஊருக்கு வெளியே 1,000 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம்; பஸ்ஸுக்கும் தண்ணீருக்கும் 1,200 ஆனால் அது மலிவா? சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை, புருஷனுக்கு உண்டு. கரண்டுக்குத் தனி மீட்டர் உண்டா என்று கேளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். பத்து வீட்டுக்கு ஒரே மீட்டர் என்றால் அந்த இலவசம் பத்துப் பேருக்கும் கிடைக்காமல் போகும்.

6. வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 2017 சட்டம். வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதியிருந்தாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. கோபம் வந்தால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துகிற அதிகாரம் வீட்டுக்காரருக்குக் கிடையாது. கொடுத்த பணத்துக்கெல்லாம் ரசீது வாங்குங்கள்.

7. அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறவரைக் கண்டு, ஏன் போகிறீர்கள் என்று கேளுங்கள். தரகர் பத்து நாளில் சொல்லாததை அவர் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

இந்த ஏழும் திருப்தியாயிருந்தால் வாசல் தெற்கே பார்த்தாலென்ன, வடக்கே பார்த்தாலென்ன? பக்கத்து வீட்டார் எந்த ஜாதியானாலென்ன? அதுவே நல்ல ஏரியா. இந்த ஏழும் இல்லாத இடத்தில் தெரு முழுவதும் உங்கள் ஜாதியாரே இருந்தாலும் அது கெட்ட ஏரியாதான்.

முடிவாக, ஜாதியைக் கேட்டால் பயந்துகொண்டு பொய் சொல்லாதீர்கள். "வாடகை இவ்வளவு கொடுப்பேன், வேலை இன்னது, இதற்குமேல் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று திருப்பிக் கேளுங்கள். பத்துப் பேர் திருப்பிக் கேட்டால் பதினோராவது ஆளிடம் கேட்க வாய் கூசும். தொழிற்சங்கங்கள் கூலிக்குப் போராடுவதோடு நில்லாமல், ஜாதி கேட்காமல் வீடு விடுகிறவர்களின் ஜாபிதா ஒன்று தயாரித்துப் புதிதாய் வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். சொந்த வீடுள்ள பகுத்தறிவுத் தோழர்களுக்கோ வேலை இன்னும் சுலபம். மேடையில் ஜாதி ஒழிக என்று சொன்ன வாயால், தங்கள் வீட்டுக் கதவில் தொங்கும் பலகையில் ஒரு வரி கூடுதலாய் எழுதச் சொல்லட்டும்: "வீடு வாடகைக்கு, ஜாதி கேட்பதில்லை." அந்தப் பலகை எத்தனை வீட்டில் தொங்குகிறதென்று எண்ணினால், நம் பிரசாரத்தின் உண்மையான பலன் தெரிந்துவிடும்.