ஜோசியத்திற்கு ஒரு சர்வகலாசாலையா?

2001-ம் வருஷத்தில் டில்லியிலுள்ள பல்கலைக்கழக மானியக் குழுவானது, சர்வகலாசாலைகளில் ஜோசியத்தைப் பாடமாக வைத்துப் பட்டம் கொடுக்கலாம் என்றும், அதற்குப் பணமும் தருவதாகவும் சுற்றறிக்கை விட்டது நேயர்களில் பலருக்கு ஞாபகமிருக்கலாம். அக்காலத்தில் கல்வி மந்திரியாயிருந்தவர் தோழர் முரளி மனோகர் ஜோஷி. ஐதராபாத்திலுள்ள விஞ்ஞானி பார்கவா அவர்கள் இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார். 2004 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அவ்வழக்கைத் தள்ளிவிட்டது. இஷ்டமுள்ளவன் படிக்கிறான், யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்பது அன்று சொல்லப்பட்ட சமாதானங்களில் ஒன்று.

படிப்பு கட்டாயமில்லை, சரி. வரி கட்டாயமா இல்லையா என்று கேட்கின்றோம். தீப்பெட்டி வாங்குகிற கூலிக்காரன், "எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கையில்லை, அந்தப் பங்கைக் கழித்துக்கொள்" என்று கடையில் சொல்ல முடியுமா?

கணக்கைப் பார்ப்போம். ஒரு ஜோசிய இலாகாவுக்கு ஒரு பேராசிரியர், ஒரு ரீடர், இரண்டு விரிவுரையாளர் என்பது அன்றைய திட்டம். இன்றைய மத்திய சம்பள விகிதப்படி பேராசிரியருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் மாதம் 1,44,200 ரூபாய்; பழைய ரீடர் ஸ்தானத்திலுள்ளவருக்கு 1,31,400; மற்ற இருவருக்கும் தலைக்கு 57,700. ஆக மாதம் 3,91,000. வருஷத்திற்கு 46,92,000 ரூபாய். பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, பியூன், புஸ்தகம், மின்சாரம் எதுவும் இதில் சேரவில்லை. இருபது பேர் படித்தால் ஒரு பிள்ளைக்கு 2,34,600 ரூபாய்! இதைப் பிள்ளைகளிடம் சம்பளமாக வாங்க முடியுமா? வாங்கினால் ஒருவனும் வரமாட்டான். வாங்காவிட்டால் யார் தலையில் விடியும்?

மானியக் குழு கொடுக்குமே என்பார்கள். இப்படிப்பட்ட மானியமெல்லாம் திட்ட காலம் முடிகிறவரையில்தான். அதற்குமேல் உத்தியோகஸ்தர் அங்கேயே இருப்பார், மானியம் இராது. புதுப் பாடத்திற்கு டில்லி பணம் தருகிறது என்று பல்லிளிக்கிற துணைவேந்தர்கள் இந்த இடத்தை மட்டும் படிக்கிறதில்லை. நம் நாட்டுச் சர்வகலாசாலைகளின் யோக்கியதையோ, 2024-ல் மதுரையில் சம்பளம் பாக்கி. சென்னையில் வருமான வரிக்காகப் பாங்கிக் கணக்குகள் முடக்கம்!

எல்லாப் படிப்பும் பணம் சம்பாதித்துத்தான் தீரவேண்டும் என்பது நமது கட்சியல்ல. சரித்திரமும் தமிழும் எந்த வருஷத்தில் லாபம் கொடுத்தன? அவற்றிற்கு நஷ்டப்படலாம், ஏனெனில் செலவழித்த பணத்திற்கு அறிவாவது மிஞ்சுகிறது. ஜோசியத்தில் மிஞ்சுவதென்ன? வானசாஸ்திரி ஜயந்த் நார்லிகர் அவர்கள் 2008-ல் புனாவில் பரீட்சை செய்தே பார்த்துவிட்டார். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர் ஆகியோரின் ஜாதகங்களைச் சேர்த்து, ஜோசியருக்கு 40 வீதம் கொடுத்து, எது யாருடையது என்று கேட்டார். பதில் அனுப்பிய 27 பேரின் சராசரி நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வருமே! ஒரு ஜோசிய ஸ்தாபனம் 200 ஜாதகத்தையும் பார்த்து 102-ஐச் சரியாகச் சொல்லிற்றாம். இந்த இரண்டு ஜாதக லாபத்திற்கா நான்கு ஆசிரியர்?

அப்படியும் புத்தி வந்ததா? 2021-ல் இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தூரத்திலிருந்தே படிக்கும்படி ஜோதிடத்தில் எம்.ஏ. ஆரம்பித்தது. வகுப்பறைச் செலவு குறைவுதான். ஆனால் தெருத் திண்ணையில் எட்டணாவுக்குக் கிளியை வைத்துச் சீட்டெடுத்தவனுக்கில்லாத எம்.ஏ. பட்டம் இவனுக்குக் கிடைக்கிறது. அந்தப் பட்டத்தைக் காட்டி, பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் என்று சொல்லிக் கலியாணத்தை நிறுத்தவும் பரிகாரத்துக்குப் பணம் பிடுங்கவும் சர்க்காரே லைசென்ஸ் கொடுத்ததாகிறது. இந்தச் செலவு எந்தப் பட்ஜெட்டிலும் வராது. ஏழைத் தகப்பன் மடியிலிருந்து போகும்.

ஆகையால் கிராமத் தோழர்களே! உங்கள் பிள்ளை படிக்கிற அரசாங்கக் கல்லூரியில் ரசாயனத்திற்கும் கணக்கிற்கும் நிரந்தர வாத்தியார் எத்தனை பேர், தற்காலிகக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் எத்தனை பேர் என்று போய் எண்ணுங்கள். எண்ணிக்கொண்டு, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த 46,92,000-ஐயும் வைத்துப் பதில் கேளுங்கள்.