நாலு கட்டத்துக்குள் ஒரு வீடு

"மங்கா" என்று நாங்கள் சொன்னதும் வகுப்பில் பாதிப்பேர் உப்பும் மிளகாய்த்தூளும் எங்கே என்று கேட்டார்கள். தோழியரே, இது மாங்காயன்று. ஜப்பானியர் தங்கள் சித்திரக்கதைக்கு வழங்கும் பெயர். அதிலும் நாங்கள் பேச வந்தது, ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கே கட்டங்களில் தொடங்கி முடிந்துவிடும் சிறு வகையைப் பற்றி. 'யோன்கோமா' என்பார்கள், நான்கு கட்டம் என்பதே அதன் பொருள்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. சென்ற பருவத்தில் எங்கள் தோழி ஒருத்தியின் அக்காள், ஜப்பானில் வேலை பார்ப்பவர், விடுமுறைக்கு வந்தபோது 'ஸஸாயே-சான்' என்னும் தொகுதி ஒன்றைக் கொண்டுவந்தார். ஆங்கிலமும் ஜப்பானிய மொழியும் சேர்ந்த பதிப்பு. அது கை மாறிக் கை மாறி வகுப்பையே சுற்றிற்று. அதைக் கண்ட பெரியவர் ஒருவர், "இத்தனை வயதுப் பிள்ளைகள் பொம்மைப் புத்தகமா பார்ப்பது? படமாவது அழகாக இருக்கிறதா?" என்றார். இரண்டாவது கேள்விதான் எங்களை உறுத்திற்று. ஏனெனில் முதல் நாள் நாங்களும் அதையே சொன்னோம்.

ஆம், பார்த்தவுடன் மயக்கும் படங்கள் அல்ல அவை. வண்ணமில்லை, நிழல் தீட்டவில்லை. கண்ணுக்கு ஒரு புள்ளி, மூக்குக்கு ஒரு வளைவு. கதாநாயகி ஸஸாயேயின் கூந்தலோ மூன்று உருண்டைகளாகத் தலைமேல் நிற்கிறது. அவள் அப்பாவின் வழுக்கை உச்சியில் ஒரேயொரு முடி. ஆனால் நாலைந்து பக்கம் புரட்டியபின், அந்தப் புள்ளிக் கண்ணே எங்களைச் சிரிக்க வைத்தது. முதுகைக் காட்டி நிற்கும் ஒருத்தி வெட்கப்படுகிறாளா, கோபப்படுகிறாளா என்பது அவள் தோள் வளைந்த விதத்திலேயே தெரிந்துவிடுகிறது. கோடு குறையக் குறைய, மிஞ்சிய கோடு ஒவ்வொன்றும் வேலை செய்தாக வேண்டும் அன்றோ? பட்டுப்புடைவையில் ஒரு கறை மறைந்துவிடும். வெள்ளைத் துணியில் மறையாது.

கட்டங்கள் நான்கும் தம்முள் ஒரு முறை வைத்திருக்கின்றன. முதற்கட்டம் செய்தியை எழுப்பும், இரண்டாவது தொடரும், மூன்றாவது திரும்பும், நான்காவது முடிக்கும். பழைய சீனத்து நாலடிக் கவிதையிலிருந்து வந்த முறை இது. வெண்பாவோடு மல்லுக்கட்டுகிற நமக்கு நாலடியின் அருமை தெரியாததன்று. உயிர் இருப்பது மூன்றாவது கட்டத்தில். அது சறுக்கினால் நான்காவதில் சிரிப்பு வராது.

இனி இதை வரைந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹசெகாவா மச்சிகோ என்பது அவர் பெயர். 1920-இல் பிறந்தவர். தந்தை இறந்தபின் தாயும் மூன்று பெண்களுமாக டோக்கியோ சென்றார்கள். அங்கே புகழ்பெற்ற சித்திரக்காரர் டகாவா சுயிஹோவிடம் மாணவியாகச் சேர்ந்தார் மச்சிகோ. 1935-இல், பதினைந்து வயதில், சிறுமியர் இதழ் ஒன்றில் அவருடைய படக்கதை அச்சேறிவிட்டது. பதினைந்து! இங்கே கொஞ்சம் பெருமூச்சு விட்டுக்கொண்டோம்.

போர் முற்றியதும் குடும்பம் ஃபுகுவோகாவுக்குத் திரும்பியது. போர் முடிந்து எட்டே மாதத்தில், 1946 ஏப்ரலில், அவ்வூர் மாலைப் பத்திரிகை ஒன்றில் 'ஸஸாயே-சான்' தொடங்கிற்று. அக்காலம் ஜப்பானில் உணவு பங்கீட்டில் கிடைத்த காலம்; வரிசையில் நிற்பதும், கள்ளச்சந்தையைத் தேடுவதும், பழைய துணியைப் பிரித்துப் புதிதாகத் தைப்பதும் அன்றாட வாழ்க்கை. அந்தப் பஞ்சத்தைத்தான் மச்சிகோ அடுப்பங்கரையிலிருந்து பார்த்து நான்கு கட்டத்தில் வைத்தார். வரலாற்றுப் பாடத்தில் போர் எந்த ஆண்டு முடிந்தது என்று படித்தோம். முடிந்த மறுநாள் அம்மாமார் என்ன சமைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இதில் இருக்கிறது.

குடும்பத்தார் பெயரெல்லாம் கடலிலிருந்து வந்தவை. கடற்கரையில் உலாவும்போது தோன்றினவாம். ஸஸாயே என்பது ஒருவகைச் சங்கு; தம்பி கட்சுவோ என்றால் சூரை மீன்; தங்கை வகாமே ஒரு கடற்பாசி; அம்மா ஃபுனே, படகு. கடலோர ஊர்க்காரிகளான எங்களுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் வகுப்பில் இப்போது ஒரு சூரையும் இரண்டு நண்டுகளும் உண்டு. யார் என்று எழுதினால் அடி விழும்.

மச்சிகோ தம் அக்காளோடு சேர்ந்து சொந்தமாகவே பதிப்பகம் தொடங்கினார்; அதன் பெயரே 'சகோதரிகள் நிறுவனம்' என்று பொருள்படும். முதல் தொகுதியின் அளவு பெரிதாகிவிட்டது. கடை அலமாரியில் அடங்காமல் பிரதிகள் திரும்பி வந்தன. அவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. அடுத்ததைச் சிறிய அளவில் அச்சிட்டார்கள், விற்றது. தொடரோ அசாஹி நாளிதழுக்கு மாறி, இடையிடையே நின்று, 1974 வரை வந்தது. 6,000-க்கும் மேற்பட்ட கதைகள்! ஒவ்வொன்றுக்கும் ஒரு மூன்றாவது கட்டம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எங்களுக்குள் ஒரு சண்டை மட்டும் தீரவில்லை. ஸஸாயே துடுக்குக்காரி, நினைத்ததைச் சொல்பவள், ஆனாலும் வீட்டை விட்டு வெகுதூரம் போகிறவள் அல்லள். அண்ணாமார் ஆபீஸ் போக, பெண்கள் சமைக்கிற அந்த வீட்டை இன்னும் எத்தனை நாள் கொண்டாடுவது என்று எங்களில் இருவர் கேட்டார்கள். 1969 அக்டோபரில் தொடங்கி இன்றும் ஞாயிறு மாலையில் ஒளிபரப்பாகும் தொலைக்காட்சித் தொடரைப் பற்றியானால் அவர்கள் பக்கம் நியாயமுண்டு. அங்கே யாருக்கும் வயதும் ஏறுவதில்லை, வாயும் நீளுவதில்லை. (அந்நிகழ்ச்சி முடிந்ததும் 'ஐயோ, நாளை திங்கட்கிழமை' என்று ஜப்பானில் பலருக்கு மனம் சோர்ந்துபோகுமாம். அதற்கு ஸஸாயே பெயரிலேயே ஒரு நோய்ப்பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கும் அந்நோய் உண்டு, பெயர்தான் இல்லை.) ஆனால் புத்தகத்து ஸஸாயே கூர்மையானவள். போதாதென்று, 1966-இல் மச்சிகோ ஊரையே வம்புக்கிழுக்கும் ஒரு பொல்லாத பாட்டியை வைத்து வேறொரு தொடர் தொடங்கினார். அடங்கிய பெண்களை மட்டும் வரைந்தவர் என்று அவரைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

1992-இல் அவர் மறைந்தார். அவர் வாழ்ந்த டோக்கியோப் பகுதியில் 2012-இல் அக்குடும்பத்துக்குச் சிலைகள் வைத்தார்கள். அப்பாவின் தலையிலிருந்த அந்த ஒற்றை முடியை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்; மறுபடி வைத்தால் மறுபடியும் பிடுங்கினார்கள். ஒரு கோடு போனாலும் அவர் அவராக இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சரி, நாமே ஒன்று வரைந்து பார்ப்போமே என்று உட்கார்ந்தோம். முதற்கட்டம்: கொட்டும் மழை. இரண்டாவது: பள்ளிக்கு விடுமுறை என்ற அறிவிப்பு, வீட்டில் கூத்தாட்டம். நான்காவது: பளீரென்று வெயில், கையில் துடைப்பத்தோடு அம்மா, "சும்மாதானே இருக்கிறாய்?" என்கிறார். மூன்றாவதில் மாட்டிக்கொண்டோம். மேகம் விலகுவதையும் அம்மா வருவதையும் அதிலேயே போட்டுப் பார்த்தோம், நான்காவது செத்துப்போயிற்று. மூன்று நாள் கழித்து எங்களில் அதிகம் பேசாதவள் ஒருத்தி, "ஆளே வேண்டாம், சன்னலை மட்டும் போடுவோம்" என்றாள். ஒரு சன்னல், கம்பியில் ஒரு சொட்டு நீர், தரையில் சிறிது வெயில். அவ்வளவுதான்.

அந்தப் பெரியவரிடமே கொண்டுபோய்க் காட்டினோம். முதல் இரண்டையும் வேகமாகப் பார்த்தார். மூன்றாவதில் நின்றார். நான்காவதில் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, துடைப்பம் பிடித்த கை சரியாக வரவில்லை என்றார். உண்மைதான். பதினொரு முறை வரைந்தும் அந்தக் கை எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.